காதுக்குள் பூச்சி புகுந்த இரவில் என்ன செய்வது?

நீங்கள் கேட்டிருப்பது இது: நண்பர்களோடு மலையில் கூடாரம் அடித்துத் தங்கிய இரவில், தூக்கத்தில் உங்கள் காதுக்குள் ஏதோ பூச்சி புகுந்துவிட்டது. பட்ஸ் விட்டுக் குடைந்து பார்த்தீர்கள். ஒருவர் டார்ச் அடித்தார், இன்னொருவர் பாட்டில் தண்ணீரை ஊற்றினார். வெகுநேரம் கழித்துச் சத்தம் நின்றது. ஆனால் தூக்கமும் போய், பயணமும் பாதியில் முடிந்து, விடிந்ததும் எல்லோரும் இறங்கிவிட்டீர்கள். இரண்டு நாள் ஆகியும் அந்தக் காது அடைத்த மாதிரி இருக்கிறது, லேசாக வலிக்கிறது. டாக்டரிடம் போக வேண்டுமா, அன்று செய்தது சரிதானா, மறுபடி நடந்தால் என்ன செய்வது என்று கேட்கிறீர்கள்.

முதல் கேள்விக்குப் பதில்: போக வேண்டும். இன்றோ நாளையோ ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பயப்படும்படி எதுவும் இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் செத்த பூச்சி உள்ளேயே கிடக்கலாம், பட்ஸ் பட்ட இடத்தில் தோல் கீறியிருக்கலாம், காதின் உள்ளே இருக்கும் ஜவ்வில் சின்ன ஓட்டைகூட விழுந்திருக்கலாம். இவற்றில் எது என்பதை உள்ளே பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. அதுவரை அந்தக் காதில் எதையும் விடாதீர்கள், குளிக்கும்போது தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற இரண்டு கேள்விகளுக்கும் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன். காது மூக்கு தொண்டைப் பிரிவில் வேலை செய்கிறவன் என்பதால் இந்தப் பிரச்சினையோடு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பெரும்பாலும் காதுக்குக் கேடு செய்தது பூச்சியாக இருக்காது. அதை வெளியே எடுக்க முதல் சில நிமிடங்களில் அவர்கள் பட்ட பாடாகத்தான் இருக்கும். அதனால்தான் இதை இத்தனை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு சின்னப் பூச்சி ஏன் ஆளையே பைத்தியமாக்குகிறது? பெரியவர்களுக்குக் காதுக்குழாய் சுமார் 2.5 செ.மீ. நீளம். நேர்க்குழாய் அல்ல, லேசாக வளைந்து போகும். வெளிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு. அதன் மேல் கொஞ்சம் தடித்த தோல், முடி, குறும்பி சுரக்கும் சுரப்பிகள் எல்லாம் உண்டு. உள்பக்கம் மூன்றில் இரண்டு பங்கு எலும்பு. அங்கே தோல் மிக மெல்லியது, அடியில் மெத்தென்று எதுவும் இல்லாமல் நேராக எலும்பின் மேல் ஒட்டியிருக்கிறது. அந்த இடத்தில் பூச்சியின் கால் பட்டாலே சுரீரென்று வலிக்கும். இந்த இரண்டு பகுதியும் சந்திக்கும் இடத்துக்கு அருகே குழாய் குறுகும். அதைத் தாண்டி நுழைந்த பூச்சியால் திரும்ப முடிவதில்லை, பின்னால் நகரவும் அதற்கு வராது. அதனால் முன்னோக்கியே போய் ஜவ்வில் முட்டுகிறது.

அந்த ஜவ்வு, அதாவது செவிப்பறை, சுமார் 0.1 மி.மீ. தடிமன்தான். நம்மால் கேட்க முடிகிற மிக மெல்லிய ஒலிக்கு அது அசையும் அளவு ஒரு ஹைட்ரஜன் அணுவின் விட்டத்தைவிடக் குறைவு. அப்படிப்பட்ட ஜவ்வின் மேலேயே ஆறு கால்கள் பிராண்டினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றுமே கேட்காது. உள்ளே உங்களுக்கு மட்டும் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி இருக்கும். நீங்கள் அலறியதை நண்பர்கள் மிகையென்று நினைத்திருந்தால் இந்தப் பத்தியை அவர்களுக்குக் காட்டுங்கள்.

சரி, அன்று செய்ததைப் பார்ப்போம்.

பட்ஸ் விட்டதுதான் நடந்ததிலேயே மோசமான விஷயம். குழாயின் அகலத்தைப் பெரும்பாலும் பட்ஸின் தலையே அடைத்துக்கொள்ளும், பூச்சியைச் சுற்றிக்கொண்டு அதன் பின்னால் போக அதற்கு இடமே இல்லை. தள்ளத்தான் முடியும். தள்ளினால் பூச்சி ஜவ்வோடு நசுங்கும், அல்லது கடிக்கும். விரல், ஹேர்பின், ஊக்கு, சாவி, தீக்குச்சி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். குடையும்போது உங்களுக்கு இருமல் வந்திருந்தால் அதற்கும் காரணம் உண்டு: தொண்டைக்கும் நுரையீரலுக்கும் போகும் வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதுக்குழாய்க்கும் வருகிறது. சிலருக்கு அங்கே தொட்டாலே இருமல் கிளம்பும். கையில் குச்சி காதுக்குள் இருக்கும்போது தலை அப்படித் தூக்கிப்போட்டால் ஜவ்வு கிழியத்தான் செய்யும்.

டார்ச் அடிப்பது பரவலாகச் சொல்லப்படும் யோசனை. விளக்கை நாடும் அந்துப்பூச்சி மாதிரி சில பூச்சிகள், குழாயில் திரும்ப இடம் இருந்தால், வெளியே வரலாம். ஆனால் கரப்பான் வெளிச்சத்தைக் கண்டால் ஓடி ஒளியும் இனம். அதற்கு ஓட இருக்கும் ஒரே வழி உள்நோக்கித்தான். உள்ளே இருப்பது எது என்று தெரியாத இருட்டில் இதை நம்பி நேரத்தைக் கழிக்க வேண்டாம். காது வாசலில் ஏதாவது தெரிகிறதா என்று ஒரு முறை பார்க்க மட்டும் டார்ச் போதும்.

தண்ணீர் ஊற்றியது பெரிய தப்பில்லை, ஆனால் பலன் குறைவு. பூச்சிகள் வாயால் மூச்சு விடுவதில்லை. உடம்பின் இரண்டு பக்கமும் வரிசையாக உள்ள மூச்சுத்துளைகள் வழியாகத்தான் காற்றை எடுக்கின்றன. உடம்பின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் அந்தத் துளைகளுக்குள் எளிதில் இறங்காது. கரப்பானால் அரை மணி நேரம் தண்ணீருக்குள் கிடந்தும் பிழைக்க முடியும். எண்ணெய் அப்படியல்ல, மெழுகின் மேல் பரவித் துளைகளை அடைத்துவிடும். சில நிமிடத்தில் பூச்சி மூச்சுத் திணறிச் செத்துவிடும். ஓடைத் தண்ணீரையோ குளிர்ந்த பாட்டில் தண்ணீரையோ விட்டால் இன்னொரு தொல்லையும் சேரும். அதை எண்ணெயின் சூட்டைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

காதில் வண்டு புகுந்தவர்களில் வரலாற்றில் பேர் போனவர் ஜான் ஹானிங் ஸ்பீக். நைல் நதியின் மூலத்தைத் தேடிக் கிழக்கு ஆப்பிரிக்கா போன ஆங்கிலேயர். 1858-இல் டாங்கனீக்கா ஏரியில் ஒரு தீவில் தங்கியிருந்த இரவில் புயல் அடித்துக் கூடாரம் நிலைகுலைந்தது. சாமான்களை ஒழுங்குபடுத்த மெழுகுவத்தி ஏற்றினார். வெளிச்சத்துக்குச் சிறிய கருவண்டுகள் கூட்டமாக வந்து மொய்த்தன. விரட்டிப் பார்த்து முடியாமல் அப்படியே படுத்துத் தூங்கிவிட்டார். அவற்றில் ஒன்று காதுக்குள் போய்த் தோண்ட ஆரம்பித்தது. உருக்கிய வெண்ணெயை ஊற்றினார், வேலைக்கு ஆகவில்லை. கடைசியில் பேனாக்கத்தியின் முனையை உள்ளே விட்டுக் குத்தினார். வண்டு செத்தது. காதும் புண்ணாகிச் சீழ் பிடித்தது. முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, கழுத்திலிருந்து தோள் வரை கட்டிகள் கிளம்பின. மெல்லவே முடியாமல் பல நாள் கஞ்சிபோல நீர்த்த உணவில் காலம் தள்ளினார். பல மாதம் அந்தக் காது கிட்டத்தட்டக் கேட்கவே இல்லை. மூக்கைச் சிந்தினால் காது வழியாக விசில் சத்தம் வருமளவுக்குத் துளை விழுந்திருந்தது. ஆறேழு மாதம் கழித்தும் வண்டின் கால், இறக்கை எல்லாம் துண்டு துண்டாகக் குறும்பியோடு வந்துகொண்டிருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அவ்வளவு தொல்லைக்கு நடுவிலும் அதே ஆண்டு ஆகஸ்டில் விக்டோரியா ஏரிக்கரையை எட்டினார் என்பது வேறு விஷயம்.

ஸ்பீக் அன்று வெண்ணெயோடு பொறுமையாக இருந்திருந்தால் அவர் காது தப்பியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். எண்ணெய்ப் பசையுள்ள ஒன்றை ஊற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அது வேலை செய்ய விடவில்லை, அல்லது சரியாக உள்ளே இறங்கவில்லை. கத்தியை எடுத்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

கொல்வது வேறு, எடுப்பது வேறு. இதை மனதில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். காட்டில், இருட்டில் செய்ய வேண்டியது கொல்வது மட்டும்தான். எடுப்பதை வெளிச்சமும் கருவியும் உள்ள இடத்தில், அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம். செத்த பூச்சி ஓரிரவு காதில் கிடந்தால் கெடுதல் ஒன்றும் வராது. சத்தம் நின்றுவிட்டால் மனிதன் தூங்கிவிடுவான். பயணத்தைக்கூடப் பாதியில் விட வேண்டியதில்லை. வலி, தலைச்சுற்றல் எதுவும் இல்லையென்றால் மறுநாள் மெதுவாக இறங்கிப் போய்க் காட்டிக்கொள்ளலாம்.

எப்படிக் கொல்வது? முதலில் உட்கார வையுங்கள். எழுந்து ஓடுவது, குதிப்பது, தலையில் தட்டிக்கொள்வது எல்லாம் இரவில் மலைச் சரிவில் காதைவிடப் பெரிய ஆபத்தில் கொண்டுபோய் விடும். இந்த நிலைமையில் ஆளுக்குத் தன் நினைவே இருக்காது, கூட இருப்பவர்தான் தோளைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும். பிறகு பூச்சி இருக்கும் காது மேலே பார்க்கும்படி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சில நொடி அசையாமல் இருந்தால் சில பூச்சிகள் தாமாகவே மேல்நோக்கி ஏறி வெளியே வந்துவிடும். வராவிட்டால் எண்ணெய்.

பேபி ஆயில், லிக்விட் பாரஃபின், ஆலிவ் எண்ணெய், சாதாரணச் சமையல் எண்ணெய், எது கையில் இருக்கிறதோ அது போதும். எண்ணெய் உடம்புச் சூட்டில், அதாவது சுமார் 37 டிகிரியில் இருக்க வேண்டும். இதில் மட்டும் அவசரப்படக் கூடாது. உள்காதில் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் அரைவட்டக் குழாய்களில் ஒன்று காதுக்குழாயின் உள்முனைக்கு மிக அருகில் இருக்கிறது. குளிர்ந்ததோ சூடானதோ உள்ளே போனால் அந்தக் குழாயில் இருக்கும் திரவம் ஓட ஆரம்பிக்கும். உலகமே சுற்றுகிற மாதிரி தலைசுற்றி வாந்தி வந்துவிடும். இதைக் கண்டறிந்து விளக்கிய ராபர்ட் பாராணிக்கு 1914-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அடுப்பில் சூடாக்க வேண்டாம். பாட்டிலைச் சில நிமிடம் அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் உறைந்த எண்ணெயும் இளகிவிடும். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், சூடும் தெரியக் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது.

பெரியவர் என்றால் காதுமடலை மேலும் பின்னுமாக லேசாக இழுங்கள், குழாயின் வளைவு நிமிரும். சின்னக் குழந்தைக்குப் பின்னும் கீழுமாக இழுக்க வேண்டும். மெதுவாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். குழாயின் கொள்ளளவே சுமார் 1 மி.லி.தான். காது நிரம்பி எண்ணெய் வாசலில் தெரிந்தால் போதும்.

அப்புறம் வரப்போவதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்: எண்ணெய் பட்டதும் பூச்சி இன்னும் மூர்க்கமாகத் துடிக்கும். இந்த நேரத்தில்தான் பலர் எழுந்துவிடுகிறார்கள், எண்ணெய் வழிந்துவிடுகிறது, எல்லாம் முதலிலிருந்து. அது வேலை செய்கிறது என்பதற்கான அடையாளமே அந்தத் துடிப்பு. கையைப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுங்கள். அடங்கிய பிறகும் அதே நிலையில் ஐந்து பத்து நிமிடம் வைத்திருங்கள். பிறகு காதைக் கீழ்நோக்கிச் சாய்த்து, அடியில் துணி வைத்து, எண்ணெயை வழிய விடுங்கள். சில சமயம் பூச்சியும் கூடவே வரும். வாசலில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இடுக்கியால் எடுக்கலாம். உள்ளே இருந்தால் தொட வேண்டாம்.

யாருக்கு எதுவும் ஊற்றக் கூடாது என்பதும் முக்கியம். ஏற்கெனவே ஜவ்வில் ஓட்டை உள்ளவர்கள், காதில் சீழ் வடிபவர்கள், காதில் குழாய் பொருத்தியவர்கள், காதில் ரத்தம் வருபவர்கள், இவர்களுக்கு எண்ணெயும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். நேராக மருத்துவமனைதான். இன்னொன்று, எண்ணெய் வைத்தியம் உயிருள்ள பூச்சிக்கு மட்டும். குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறது, உள்ளே என்ன என்று தெரியவில்லை என்றால் எதையும் விடாதீர்கள். பயறு, விதை போன்றவை தண்ணீரில் ஊறிப் பருத்துக் குழாயை இறுக்கும். பொம்மையிலிருந்து கழன்ற பட்டன் பேட்டரியாக இருந்தால் அது சில மணி நேரத்திலேயே சதையை அரித்துவிடும், ஈரம் பட்டால் இன்னும் வேகமாக அரிக்கும். அதற்கு இரவு பகல் பார்க்காமல் ஓட வேண்டும்.

உண்ணியும் தனிக் கணக்கு. அது பிராண்டாது, கடித்துப் பற்றிக்கொண்டு அசையாமல் இருக்கும். வலியும் அடைப்பும் மட்டும் தெரியும். எண்ணெய்க்கு அசைந்துகொடுக்காது, இழுத்தால் வாய்ப்பகுதி தோலிலேயே தங்கிவிடும். காதுக்குள் உண்ணி கடித்து அந்தப் பக்க முகத் தசைகள் வலுவிழந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. புல்வெளியில், கால்நடை மேயும் இடத்தில் தங்கி வந்த பிறகு காது வலித்தால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

பூச்சிக்கொல்லி ஸ்பிரே, புகை, உருக்கிய மெழுகு, வாயால் உறிஞ்சுவது, காதை எரிக்கும் ஸ்பிரிட், இவை எதுவும் வேண்டவே வேண்டாம்.

மருத்துவமனையில் என்ன நடக்கும் என்று தெரியாமல்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். விளக்கோடு கூடிய கருவியாலோ மைக்ரோஸ்கோப்பாலோ உள்ளே பார்ப்பார்கள். உயிரோடு இருந்தால் எண்ணெய் அல்லது மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் விட்டு அடக்குவார்கள். இதைப் பற்றி 1985-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் ஒரு கடிதம் வந்தது. இரண்டு காதிலும் கரப்பானோடு வந்த ஒரு நோயாளிக்கு ஒரு காதில் எண்ணெயும் மறு காதில் லிடோகெய்னும் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். எண்ணெய் விட்ட காதில் கரப்பான் போராடிச் செத்தது, பிறகு எடுத்தார்கள். லிடோகெய்ன் பட்டது துள்ளிக்கொண்டு தானாகவே வெளியே ஓடி வந்தது. ஒரே ஒரு நோயாளியை வைத்துப் பெரிதாக முடிவு செய்ய முடியாது. லிடோகெய்ன் ஜவ்வின் ஓட்டை வழியே இறங்கினால் கடுமையாகத் தலை சுற்றும் என்பதால் அதை நீங்களாக வாங்கி விடவும் கூடாது.

அடங்கிய பூச்சியை நுண்ணிய இடுக்கியால் எடுப்பார்கள், அல்லது உறிஞ்சு குழாயால், அல்லது ஜவ்வு நன்றாக இருந்தால் உடம்புச் சூட்டுத் தண்ணீரைப் பீய்ச்சி வெளியே கொண்டுவருவார்கள். பெரும்பாலும் சில நிமிட வேலை. கால், இறக்கை எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று மறுபடி பார்ப்பது அவசியம், இல்லையென்றால் ஸ்பீக்குக்கு வந்த மாதிரி துண்டுகள் மாதக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். பயந்து துடிக்கும் குழந்தைகளுக்கு மட்டும் சில நேரம் மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்த பயணத்துக்குப் பையில் என்ன வைப்பது? சொட்டு மூடி உள்ள சின்னப் புட்டியில் பேபி ஆயில், ஒரு பாரசிட்டமால் அட்டை, மெத்தென்ற நுரைக் காதடைப்பான்கள். கூடாரத்தின் வலைக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே விளக்கு எரிய விடாதீர்கள், ஸ்பீக்கின் மெழுகுவத்தி செய்த வேலையை இன்றைய எல்இடி விளக்கும் செய்யும். உணவுத் துணுக்குகள் உள்ளே சிந்தியிருந்தால் கூட்டித் தள்ளுங்கள். வெறுந்தரையில் படுப்பவர்கள் காதை மூடுகிற குல்லாய் போட்டுக்கொண்டால் நல்லது.

இனி உங்கள் காது. டாக்டரிடம் போகும்போது பட்ஸ் விட்டதையும் தண்ணீர் ஊற்றியதையும் மறைக்காமல் சொல்லுங்கள், எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய காது மருந்தை விடாதீர்கள். ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த சொட்டுகள் ஜவ்வில் ஓட்டை இருந்தால் உள்காதைக் கெடுக்கலாம். தோல் கீறல்தான் என்றால் சில நாள் சொட்டு மருந்தோடு ஆறிவிடும். சின்ன ஓட்டை விழுந்திருந்தாலும் கலங்க வேண்டாம். காதை நனைக்காமல் பார்த்துக்கொண்டால் இப்படிப்பட்ட ஓட்டைகளில் பெரும்பாலானவை சில வாரங்களிலிருந்து இரண்டு மாதத்துக்குள் தாமே மூடிக்கொள்ளும். அதுவரை நீச்சல் கூடாது, மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது. ரத்தம் வந்தாலோ, கேட்பது சட்டென்று குறைந்தாலோ, தலை சுற்றினாலோ, முகம் ஒரு பக்கம் இழுத்தாலோ, காய்ச்சலோடு காதுக்குப் பின்னால் வீங்கினாலோ, நாளை வரை காத்திருக்காமல் இன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். நீங்களாக வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டாம், யாரையாவது கூட்டிப் போகச் சொல்லுங்கள்.